தண்ணீர்க் கிண்ணத்தில் நின்ற பியானோ

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பியானோவைக் கண்ணால் பார்த்ததில்லை. நாங்களும் சங்கீதத்துக்காக அதை வாங்கவில்லை. என் தங்கையின் வலது கைக்காக வாங்கினோம்.

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு யோசனை ஓடும். திருச்சியில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, புதுக்கோட்டை பி.டபிள்யூ.டி. ஆபீஸில் டிரேசராகச் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இது. மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தை மெழுகுத் துணியில் மையால் படியெடுப்பது என் வேலை. அதில் எந்தக் கோட்டுக்கு அப்புறம் எந்தக் கோடு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈர மை மேல் கை பட்டுவிடும். ஆகவே இதையும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் கை. வைகாசியில் தோப்பில் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். வறுக்கும்போது கொட்டைத் தோலிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் வரும். மேலே பட்டால் சதையைத் தின்றுவிடும். அடுப்புக் கல் ஒன்று நகர்ந்து சட்டி சாய்ந்தது. தங்கை அதைக் கையால் தடுத்தாள். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தாள். பாஸ். வாத்தியார் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று எட்டாவது படிக்கும்போதே முடிவு செய்திருந்தவள். புண் ஆறிவிட்டது. ஆனால் புறங்கைத் தோல் இறுகி, விரல்கள் நீட்டியபடியே நின்றுவிட்டன. சோறு பிசைய வரவில்லை. பேனா பிடிக்க வரவில்லை.

அடுத்தது கல்யாணப் பேச்சு. அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்களுக்குத் தாய்மாமன். முறைப்படி அக்கா மகளைக் கட்ட உரிமை உள்ளவர். எனக்கும் அவருக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மைதான் என்னைத் திருச்சிக்கு அனுப்பியது. அவர் ஆஸ்பத்திரிக்கு இளநீர்க் குலையோடு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"கை எப்புடி இருந்தா என்னக்கா? நம்ம புள்ளதானே. நான் கட்டிக்கிறேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். "தை பொறக்குறதுக்குள்ள இவ பேனா புடிச்சு எழுதிட்டா படிக்கட்டும். இல்லேன்னா தையில நிச்சயம்" என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பியானோ அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. நர்ஸுகள் தங்கும் ஹாலில், மேலே துணிமூட்டைகள் அடுக்கிக் கிடந்த பழைய பியானோ. கட்டு மாற்றும் வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருநாள் தங்கையை அதன் முன்னால் உட்காரவைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கச் சொன்னார். ரப்பர் பந்து பிசையும்போது வலிக்கு முகத்தைச் சுளித்தவள், இங்கே சத்தம் வருகிறதா என்று பார்க்கும் ஆவலில் வலியை மறந்தாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கியாக வேண்டும். மடங்கினால் உடனே காதுக்குத் தெரியும். நர்ஸம்மாவின் கட்டளை ஒன்றுதான். "இடது கை தூங்க வேண்டும். வலது கை வேலை செய்ய வேண்டும். இடது கை விழித்தால் வலது கை சோம்பேறி ஆகும்." புத்தகத் தமிழில் அவர் சொன்னதை வீட்டில் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை. இடது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொள்வாள்.

ஆவணியில் நர்ஸம்மா தன் நாட்டுக்குத் திரும்பினார். தன் சொந்தப் பியானோவை விற்றுவிட்டுப் போவதாகச் சொன்னபோது அப்பா வாங்கிக்கொள்கிறேன் என்றார். முந்திரி விற்ற பணம் கையில் இருந்த சமயம்.

நான் டேப்போடு போய் அளந்தேன். பியானோவின் நீளம், உயரம், ஆழம். எங்கள் வீட்டு நிலைவாசலின் அகலம். நடையில் திரும்பும் இடம். உள்வீட்டில் நெல் போடும் குதிருக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவே மட்டும்தான் அது நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். அப்பா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி ஆத்தா" என்றார்.

அதைக் கொண்டுவந்தவர் மாமாதான். அவருடைய மாட்டுவண்டியில், வைக்கோல் பரப்பி, மேலே கயிறு போட்டுக் கட்டி, விடியலில் புறப்பட்டு வெயில் சாயும்போது ஊருக்குள் நுழைந்தார். திருவிழாவில் சாமி தூக்கித் தூக்கி அவர் தோளில் தடிப்பு ஏறியிருக்கும். கூடச் சாமி தூக்கும் ஆட்களையே கூப்பிட்டு, பியானோவுக்கு அடியில் மூங்கில் வாரைகளைக் கொடுத்து, சப்பரம் தூக்குவது போலவே தூக்கினார்கள்.

"டேய், பாத்துடா. சாமியாச்சும் கீழ வுழுந்தா மன்னிச்சுரும்" என்றார் ஒருவர்.

"என்னய்யா கனம் இது? உள்ள யாரும் ஒக்காந்திருக்காங்களா?"

"எங்க மச்சானோட சந்தோசம் பூராவும் உள்ளதான் இருக்கு" என்றார் மாமா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

நிலைவாசலில் என் அளவு சரியாக இருந்தது. மாமா வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நீ போட்ட கணக்கு தப்பாதுத்தா" என்றார். அவர் எதைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கை குணமானால் தையில் நிச்சயம் இல்லை. தெரிந்தே அவ்வளவு தூரம் பக்குவமாக ஓட்டி வந்தார். இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

புரட்டாசியில் கை தேறியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகவே அமுக்கின. நடுவிரல் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. அம்மா அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து விரலைச் சொல்லுவாள். சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் நான் வந்து இறங்கினால், எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே தகவல் சொல்லுவார்: "ஒன் தங்கச்சிக்கு இன்னைக்கு நடுவெரலும் பேசிருச்சு!"

சரஸ்வதி பூஜை அன்று அம்மா பியானோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை, வெல்லம் படைத்தாள். மறுநாள் எறும்பு வரிசை கட்டிவிட்டது. சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். நான்கு கல் கிண்ணங்கள் வாங்கி வந்து, ஆட்களைக் கூப்பிட்டு, பியானோவின் கால்களை அவற்றுக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றினாள். தூசி படாமல் இருக்க ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தரை வரைக்கும் போர்த்தினாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். அது தங்கைக்கு வந்த மருந்து. ஒருத்தருக்கு வந்த மருந்தில் இன்னொருத்தர் கை பட்டால் பலிக்காது. ஆகவே வேறு யாரும் தொடக்கூடாது. அப்பாகூட அதன் பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய்க் கரைகள் உடைந்த வருஷம் அது. ஆபீஸில் மதிப்பீட்டுப் படங்கள் மலையாகக் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தீபாவளிக்குக்கூட நான் ஊருக்கு வரவில்லை. யார் மூலமாகவோ செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. கை கொஞ்சம் மந்தமாக இருக்கிறதாம். நடுவிரல் போய்விட்டதாம். ஆள்காட்டி விரலும் சரியாக இல்லையாம். குளிரில் தோல் இறுகுகிறது என்று வைத்தியர் சொன்னாராம்.

மார்கழி நடுவில்தான் ஊருக்குப் போக முடிந்தது. வாசலில் எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்து வெறுமனே தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே தேங்காய் எண்ணிக் குவித்திருந்தார்கள். நிச்சயத்துக்கு. தங்கை பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள் இடது கை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒரு வெள்ளைக் கட்டை மேல் இருந்தது. தோள் வரைக்கும் நடுங்குகிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

"விடுடி, வலிக்கப்போவுது" என்றேன்.

"வலிக்கலக்கா. அதுதான் பயமா இருக்கு. வலிக்கவே இல்ல, ஆனா எறங்க மாட்டேங்குது."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்ட முகமாக இருந்தது. "வர வரக் கொறஞ்சுக்கிட்டே போவுதுக்கா. மொதல்ல மேல உள்ள கட்டையெல்லாம் நின்னுச்சு. அப்புறம் நடுவுல. இப்ப ஒண்ணும் இல்ல. மாமா பாவம், கார்த்திகையில வந்து, கவலப்படாத புள்ள, நான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு. சரின்னு சொல்லிறலாம்னுதான் இருக்கேன்."

திருச்சியில் படிக்கும்போது, நில அளவைக்குக் கூட்டிப் போனால் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, வயலில் இறங்குவதற்கு முன் சங்கிலியை அளந்து பார்க்க வேண்டும் என்பது. இழுத்து இழுத்துச் சங்கிலி நீண்டிருக்கும். அதைப் பார்க்காமல் நிலத்தைக் குறை சொல்லக்கூடாது. அன்று அதை நினைத்துக்கொண்டு செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை தானாகப் போனது. அவள் விரலை எடுத்துவிட்டு என் விரலை வைத்து அமுக்கினேன்.

இறங்கவில்லை.

இரண்டு விரல் வைத்தேன். கட்டை சேற்றில் இறங்குவது போல மெதுவாக இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டையும் அப்படித்தான். தங்கை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா திட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான், தப்பு தன் கையில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

ஜமுக்காளத்தைத் தூக்கினேன். பூட்டி வைத்த ஈர அறையின் வாடை அடித்தது. கீழே கிண்ணங்களில் தண்ணீர் பச்சையாக இருந்தது. கொசுப் புழு நெளிந்தது. ஒருபக்கம் ஈர ஓதம் ஏறிய அடுப்படிச் சுவர். வெளியே விடாத மழை. கீழே நான்கு கிண்ணத் தண்ணீர். மேலே காற்றுப் போகாத போர்வை. மரம் குடித்து ஊறியிருந்தது. மழைக்கு ஊதிப்போன கதவு நிலையில் பிடித்துக்கொள்வது போல, கட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏண்டி தொட்ட? நிச்சயம் வச்ச வீட்டுல..."

"நீயும் தொடும்மா. தொட்டுப் பாரு."

மாட்டேன் என்றாள். கையை இழுத்து வைத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கோயில் விக்கிரகத்தைத் தொடுவது போல் தொட்டாள். பிறகு அமுக்கினாள். பிறகு இன்னும் பலமாக அமுக்கினாள். அப்படியே குதிர் மேல் சாய்ந்துகொண்டாள்.

அந்த நேரத்துக்கு மாமா வந்தார். தேங்காய் மூட்டை இன்னொன்று தோளில் இருந்தது. கிண்ணங்களை எடுக்க வேண்டும், ஒரு பக்கம் தூக்கிப் பிடியுங்கள் என்றேன். மூட்டையை இறக்கிவிட்டு, தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினார். நான் கிண்ணத்தை இழுத்தேன். தண்ணீர் தரையில் ஓடியது.

"கட்டையெல்லாம் ஊறிப் போச்சு மாமா. அதான் எறங்கல. அவ கை மேல தப்பு இல்ல."

"ஆமாமா, எனக்கே எறங்கலையே அது" என்றார் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "இந்தக் கை அமுக்கியே எறங்கல..."

சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். பியானோ இன்னும் அவர் தோளில் இருந்தது.

"எப்ப மாமா அமுக்குனீங்க?" என்று கேட்டது தங்கை.

அவர் பியானோவை மெதுவாகத் தரையில் வைத்தார். "தீவாளிக்கு வந்தப்ப."

தீபாவளிக்கும் அந்த நாளுக்கும் நடுவில் எத்தனை மழை, எத்தனை சாயங்காலம். கார்த்திகையில் வந்து கவலைப்படாதே என்று சொன்னது அதற்கும் பிறகு. இந்தக் கணக்கை நான் போட்டேன். தங்கை போட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏன் மாமா சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்." வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். "ஒங்க கொல்லைல போய் நின்னு யோசிச்சேன். சொன்னா, நீ படிக்கப் போயிருவ. நானேதான் இத வண்டில ஏத்திக்கிட்டு வந்தேன். ரெண்டாவது தடவையும் நானே வந்து தூக்கிக் குடுக்கணுமா புள்ள? முடியல."

தங்கைதான் பேசினாள். குரல் ஏறவில்லை.

"ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கலாமே மாமா. படிச்சிட்டு வாரேன்னுதான் சொல்லியிருப்பேன்."

மாமா குனிந்து, மறுபக்கத்தையும் தோளில் ஏற்றினார். "கிண்ணத்த எடு ஆத்தா" என்றார் என்னிடம். எடுத்தேன். வைத்துவிட்டு வெளியே போனார். தேங்காய் மூட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அப்பா தோப்பிலிருந்து வந்ததும் நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கால் கழுவினார். "தைப் பேச்ச விட்டுருவோம்" என்றார். அம்மா வெடித்தாள்.

"அவன் வாயத் தொறக்கல, அவ்வளவுதானே? தண்ணி ஊத்துனது நான். போர்வ போட்டது நான். தொடாதேன்னு சொன்னது நான். எனக்கு என்ன தண்டன குடுக்கப் போறீங்க? அவனுக்கு மட்டும் எதுக்கு?"



பியானோவைக் குதிர்ப் பக்கத்திலிருந்து நகர்த்தி, முற்றத்துத் தாழ்வாரத்தில் வெயில் படும் சுவரோரம் திறந்து போட்டோம். மழை விட்ட நாட்களில் பகலெல்லாம் மேல்பலகையைத் திறந்துவைத்தோம். மற்ற நாட்களில் கரி அடுப்பைத் தள்ளி வைத்து அனல் காட்டினோம். மாசியில் கட்டைகள் ஒவ்வொன்றாக விட்டன. சில விடவேயில்லை. சுருதி போய், எல்லாச் சத்தமும் தகரத்தைத் தட்டியது போல இருந்தது. அவளுக்குச் சுருதி தேவைப்படவில்லை. ஊறின கட்டைகளோடு அத்தனை நாள் மல்லுக்கட்டிய விரல்கள் காய்ந்த கட்டையில் பட்டதும் சத்தம் வாசலைத் தாண்டியது. எதிர்வீட்டு அத்தை ஓடிவந்துவிட்டார்.

மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசி வரைக்கும் மடங்கவில்லை. மற்ற மூன்றால் பேனாவைப் பிடித்தாள். பயிற்சிக்குச் சேருவதற்கு முன் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். டாக்டர் எழுதச் சொன்னார். மடங்காத இரண்டு விரலும் காகிதத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க, தன் பேரையும் ஊரையும் எழுதினாள். அவர் எழுத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஆனியில் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

ஆவணியில் மாமாவுக்குக் கல்யாணம். பெண் ஆவுடையார்கோவில் பக்கம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதியை அவர் கூடப்பிறந்தவள் போட வேண்டும். அம்மாதான் போட்டாள். எங்களுக்குப் பத்திரிகை வந்தது, நாங்களும் போனோம். மாமா எல்லாரையும் "வாங்க" என்றார். வாங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்கு அக்காவுக்குச் சீர்ப் புடவை ஆள் மூலம் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தாள்.

இந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுச் சொல்லாமல் ஊருக்குப் போனேன். தூறல். தெருமுனையிலேயே பியானோ கேட்டது. தங்கை ஊரில் இல்லை. பாட்டு இல்லை, தாளம் இல்லை. அடிக் கட்டையிலிருந்து மேல் கட்டை வரைக்கும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி.

அம்மா நின்றபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

"மழ பிடிச்சிருச்சுல்ல. எல்லாம் எறங்குதான்னு பாத்தேன்."

"எறங்குதா?"

"எறங்குது. இது ஒண்ணுதான்..." நடுவில் ஒரு கட்டையைக் காட்டினாள். "கனக்குது. ஓதம் அடிக்கிது போல. இந்தச் செவரவிட்டுக் கொஞ்சம் நகட்டிப் போடணும். அப்பாவால முடியாது." எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒன் மாமன வேணா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்றியா?"

அந்தக் கட்டையில் விரலை வைத்தேன். அமுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தன்னால் இறங்கி, தகரச் சத்தத்தில் ஒலித்தது. அம்மா அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா, கனக்குது" என்றேன்.

மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மாமா வீடு வாய்க்காலுக்கு அங்கிட்டு. என்ன சொல்வது என்று நடந்துகொண்டே வரிசைப்படுத்தப் பார்த்தேன். முதல் வாக்கியத்துக்கு மேல் போகவில்லை.